அந்தப் பஸ் படத்தில் நானும் இருக்கிறேன்

அந்தப் படத்தை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கொரோனாவின் ஒமிக்ரோன் பரவுகிற நேரத்தில் வந்த ரயில் வேலைநிறுத்தத்தன்று காலை, கொழும்பு வெள்ளவத்தையில், பின்னால் வந்த ஒரு காருக்குள் இருந்து எடுத்தது. பஸ் இடது பக்கம் சரிந்துபோய் நிற்கிறது. மிதிபலகையில் நாலு பேர். உள்ளே தலைக்குமேல் தலை. ஒரு யன்னலுக்கு வெளியே யாரோ கையை நீட்டிக்கொண்டிருக்கிறார்கள். "ஒமிக்ரோன் என்ன, எமனே வந்தாலும் இதுகள் திருந்தாது" என்று மேலே எழுதியிருக்கிறது. சிரிப்பு எமோஜி மூன்று.

அந்த "இதுகளில்" நானும் ஒன்று.

நாலு நாளாக ஒன்றும் எழுதாமல்தான் இருந்தேன். யாரோ காரில் போகிறவர், போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் நேற்று இரவு எங்கள் சேர் அதை ஷெயார் பண்ணியிருந்தார். "அடிப்படை ஒழுக்கம் இல்லாத சமூகம்" என்று தன் பங்குக்கு ஒரு வரியும் சேர்த்து. எனக்கு ஏ.எல். கணக்கியல் படிப்பித்தவர். அதற்கு லைக் போட்டவர்களில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த இரண்டு பேர். சரி, இனி எழுதாமல் இருக்க முடியாது.

அன்றைக்கு என்ன நடந்தது என்று முதலில் சொல்கிறேன். முதல்நாள் இரவு பத்து மணிக்கு ஒஃபிஸ் வட்ஸ்அப் குழுவில் மெசேஜ். நாளை வழமைபோல் 8.30, போக்குவரத்தை அவரவர் பார்த்துக்கொள்ளவும். அனுப்பியவருக்குக் கம்பனி வாகனம், கம்பனி டிரைவர். அவர் தன் போக்குவரத்தை வடிவாகத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நான் காலை 6.10க்குத் தெஹிவளை ஹோல்ட்டில். வழக்கமாக நான் கோச்சிதான், அதாவது ரயில், கையில் சீசன் டிக்கட்டும் இருக்கிறது, காசு கட்டியது. கரையோரப் பாதையில் கோச்சி நின்றால் காலி வீதியில் என்ன நடக்கும் என்று காரில் போகிறவர்களுக்குத் தெரிய நியாயமில்லை. பாணந்துறை, மொறட்டுவை, இரத்மலானைச் சனம் முழுவதும் வீதிக்கு வந்துவிடும். பாணந்துறையில் இருந்து வரும் 100, மொறட்டுவையில் இருந்து வரும் 101, இரண்டும் கல்கிசை தாண்டும்போதே நிரம்பியிருக்கும். தெஹிவளையில் நிற்கிறவளுக்கு ஒரு கால் வைக்க இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். மூன்று பஸ்ஸை விட்டேன். இரண்டு நிற்கவே இல்லை. மூன்றாவது நின்றது, அந்த நெரிசலைப் பார்த்து எனக்குத்தான் ஏற மனம் வரவில்லை. நாலாவதில் ஏறும்போது மணி 7.25. "அடுத்த பஸ்ஸில் வந்திருக்கலாமே" என்று கேட்கப்போகிறவர்களுக்கு: நான் ஏறியதே அந்த அடுத்த பஸ்தான்.

நான் கேட்பது ஒரேயொரு கேள்வி. அன்றைக்கு அந்த வீதியில் எத்தனை பஸ் ஓடியது? ஆயிரம் ஷெயார், நானூறு கொமன்ட், அதில் ஒருவராவது இதைக் கேட்டாரா என்று கடைசி வரைக்கும் உருட்டிப் பார்த்தேன். இல்லை. இருநூறு பேர் நிற்கிற இடத்துக்கு ஐம்பது சீட் உள்ள ஒரு பஸ் வந்தால், ஒவ்வொருவரும் புத்தர் மாதிரி ஒழுக்கமாக நின்றாலும் நடுவில் ஒரு மீற்றர் வராது. இது சேர் படிப்பித்த கணக்கை விடச் சின்னக் கணக்கு.

"ஓட்டோவில் போகலாமே." போகலாம். அன்றைக்குக் கொழும்புக் கோட்டைக்கு 900 ரூபாய் கேட்டார்கள். போக வர 1,800. மாதத்தில் 22 நாள் என்றால் 39,600 ரூபாய். என் சம்பளத்தில் பாதிக்கு மேல். மிச்சத்தில் வாடகை கட்டி, அம்மாவுக்கு மருந்து வாங்கி, கேஸ் சிலிண்டர்கள் வெடிக்கிற இந்த நாட்களில் வெடிக்காத ஒன்றும் தேடவேண்டும்.

"வீட்டில் இருந்து வேலை செய்யலாமே." அதை எனக்குச் சொல்லாதீர்கள், ஒஃபிஸுக்குச் சொல்லுங்கள். 2020இல் நான் மூன்று மாதம் சாப்பாட்டு மேசையில் இருந்து கணக்கு முடித்துக் கொடுத்தவள். ஒரு சதம் பிசகவில்லை. இப்போது மறுபடியும் விரல் ரேகை மெஷின். எல்லோரும் ஒரே இடத்தில் விரல் வைக்கவேண்டும், பக்கத்தில் சனிடைசர் போத்தல், அது முக்கால்வாசி நாள் வெறும் போத்தல். 8.46க்கு விரல் வைத்தால் அரைநாள் லீவு வெட்டு. அந்தப் பஸ்ஸில் தொங்கிய நாலு பேரும் மிதிபலகையில் காற்று வாங்க ஆசைப்பட்டுத் தொங்கவில்லை. அவர்களுக்கும் எங்கேயோ ஒரு மெஷின் இருக்கும். வேலை நேரத்தை எட்டு, ஒன்பது, பத்து என்று பிரித்துவிட்டால் பாதி நெரிசல் குறையும். பஸ் வாங்க டொலர் வேண்டும், இதற்கு ஒரு மெசேஜ் போதும்.

சரி, பாதுகாப்பு பற்றியும் கதைப்போம், அதில்தானே எல்லோருக்கும் அக்கறை. 2020 மார்ச்சில் கொரோனா காற்றில் பரவாது என்று உலக சுகாதார ஸ்தாபனமே பெரிய எழுத்தில் ட்வீட் போட்டது. அதை மாற்றிச் சொல்ல ஒரு வருடத்துக்கு மேல் போனது. அதுவரை நாங்கள் காசு நோட்டைக் கழுவினோம், மரக்கறிக்கு உப்புத் தண்ணீர் போட்டோம். பஸ்ஸில் பிரச்சினை மூச்சுத்தான். சீனாவில் செஜியாங் மாகாணத்தில், 2020 ஜனவரியில், ஒரு விகாரைக்குப் போய்வந்த பஸ்ஸைப் பற்றி ஆய்வு செய்திருக்கிறார்கள். ஏசி உள்ளே இருந்த காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றிவிட்டது. இருந்த 68 பேரில், கொண்டுவந்தவரையும் சேர்த்து, 24 பேருக்குத் தொற்று. திறக்கக்கூடிய யன்னல் ஓரத்தில் இருந்தவர்கள் கிட்டத்தட்டத் தப்பிவிட்டார்கள்.

அதனால் எங்கள் கோச்சியைப் போலப் பாதுகாப்பான வண்டி கொழும்பில் இல்லை என்று நான் சத்தியம் பண்ணுவேன். வெள்ளவத்தை தாண்டினால் ஒரு பக்கம் முழுக்கக் கடல். அடிக்கிற காற்றில் மாஸ்க் மூக்கை விட்டுப் பறக்கப் பார்க்கும். அந்தக் கோச்சி நின்ற நாளில்தான் எங்களை ஒரு தகரப் பெட்டிக்குள் அடைத்தார்கள். அடைபட்டவர்களையே பிறகு படமும் எடுத்தார்கள்.

பஸ்ஸுக்குள் பிழையே நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. எனக்கு முன்னால் நின்ற தம்பியின் மாஸ்க் நாடியில் இருந்தது. ஒரு அம்மா கோட்டை வரும் வரைக்கும் போனில் யாரோடோ காணிச் சண்டை. பாட்டு உச்சத்தில் போவதால் அவரும் உச்சத்தில் கத்தத்தான் வேண்டும். அந்த ஸ்பீக்கரை நிறுத்தினாலே பாதி எச்சில் குறையும் என்று எனக்கு எப்போதும் தோன்றும். கொண்டக்டர் நோட்டுகளை நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகிக்கொண்டு, மாஸ்க்கை இறக்கி, கட்டைவிரலை நாக்கில் தொட்டு, நூறு ரூபாய் ஒன்றை உருவி எனக்கு மிச்சம் தந்தார். பிறகு மாஸ்க்கை ஏற்றிவிட்டுக்கொண்டார். அதைச் செய்த மரியாதையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. நானும் கொள்ளுப்பிட்டிக்குக் கிட்ட மூச்சு முட்டி ஒரு நிமிடம் மாஸ்க்கை இறக்கினேன். சரியா? எழுதிவிட்டேன், ஸ்க்ரீன்ஷொட் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்தக் கொண்டக்டரையும் என்னால் முழுதாக ஏச முடியவில்லை. "இஸ்ஸரஹட்ட யன்ன, இட தியெனவா" (முன்னால் போங்கள், இடம் இருக்கிறது) என்று இல்லாத இடத்துக்கு அவர் எங்களைத் தள்ளினார்தான். எனக்கு எரிச்சல்தான். ஆனால் நிறைய தனியார் பஸ்களில் டிரைவருக்கும் கொண்டக்டருக்கும் மாதச் சம்பளம் கிடையாது. நாள் முடிய முதலாளிக்கு ஒரு தொகை கட்டி, டீசலுக்குக் கொடுத்து, மிஞ்சுவதுதான் அவர்களுக்கு. கொரோனாவுக்காகச் சீட்டுக்கு மட்டும் ஆள் ஏற்று என்று அரசாங்கம் சொல்லிவிட்டு, காலியாகப் போகிற இடத்துக்கு யார் காசு கொடுப்பது என்று சொல்லாமல் விட்டால், அந்தச் சட்டம் பொலிஸ் நிற்கிற சந்தி வரைக்கும்தான் செல்லுபடியாகும்.

வேலைநிறுத்தம் செய்தவர்களைக் கேள் என்று ஒருவர் இன்பொக்ஸில் வந்தார். கேட்க மாட்டேன். அவர்களுக்கும் குறை இருக்கும், உரிமை இருக்கும். சீசன் காசு போனது எனக்குக் கோபம்தான், அது வேறு.

இனி நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். உண்மையில் எனக்கு வலித்தது பஸ் இல்லை. "இதுகள்" என்ற சொல்.

இந்தச் சொல்லை நான் முதல் தடவை கேட்கவில்லை. 2020 ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தைக் கொரோனாக் கொத்தணி வந்தபோது நாங்கள் வடகொழும்பில், கொட்டாஞ்சேனையில் இருந்தோம். முகத்துவாரம், மட்டக்குளி, கிராண்ட்பாஸ் என்று எங்கள் பக்கத்தை வாரக்கணக்கில் மூடிவைத்தார்கள். அப்போதும் இதே முகநூலில் இதே கதைதான். வரிசைவீட்டுத் தோட்டத்துச் சனம், தொடர்மாடிச் சனம், சொன்னால் கேளாது. பத்துக்குப் பத்து அறையில் ஏழு பேர், நாலு வீட்டுக்கு ஒரு கக்கூஸ் என்று இருக்கிற இடத்தில் "வீட்டுக்குள் தனித்திருங்கள்" என்றால் எந்த மூலையில் தனித்திருப்பது? யாரும் கேட்கவில்லை. திறந்துவிட்ட பிறகும் ஒரு ஓட்டோக்காரர் முகவரியைக் கேட்டதும் என்னை மருதானையிலேயே இறக்கிவிட்டார். மரக்கறிப் பையோடு நடந்துபோனேன். அந்த வருடம் நாங்கள் வீடு மாறியதற்கு வாடகை மட்டும் காரணம் இல்லை.

பிறகு 2021 ஓகஸ்டில் அம்மாவுக்குக் கொரோனா வந்தது. சீனி வருத்தக்காரி. பத்து நாள் ஆஸ்பத்திரியில். வார்ட்டில் கட்டில் போதாமல் நாற்காலியில் ஒட்சிசன் ஏற்றிக்கொண்டு இருந்தவர்களைப் பார்த்தேன், அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன். மாமா போன் எடுத்து முதலில் கேட்டது அம்மாவின் சுகத்தை இல்லை. "இவள் பஸ்ஸில கொண்டு வந்திருப்பாள்" என்றார். நான் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், அவருக்குத் தெரியாது. அதற்கு முந்தைய ஞாயிறு அவர் வீட்டில் பேரனின் பிறந்தநாள். கதவு யன்னல் எல்லாம் பூட்டி, ஏசி போட்டு, இருபத்தைந்து பேர், மாஸ்க் இல்லாமல் ஹெப்பி பர்த்டே. அங்கேதான் தொற்றியது என்று என்னால் நிரூபிக்க முடியாது. பஸ்ஸில் தொற்றியது என்று அவராலும் முடியாது. ஆனால் குற்றம் யார் பக்கம் போய் ஒட்டியது என்று பாருங்கள். பஸ்ஸில் போகிறவள் பக்கம்தான்.

அந்த ஓகஸ்டுக்குப் பிறகு நான் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி, பின்பக்கத்தால் போய், குளித்துவிட்டுத்தான் அம்மாவின் முகத்தைப் பார்க்கிறேன். இன்றைக்கு வரைக்கும். மூன்று ஊசி போட்டாகிவிட்டது, இரண்டு சைனோபார்ம், ஒரு பைசர். இரண்டு மாஸ்க் போடுகிறேன். பஸ்ஸில் யாரோடும் கதைப்பதில்லை, போன் வந்தாலும் எடுப்பதில்லை. இடம் கிடைத்தால் யன்னல் பக்கம், மழை பெய்தாலும் நாலு விரல் அகலத்துக்காவது திறந்து வைப்பேன், தலைமுடி கலைகிறது என்று பின்சீட் அக்காமார் முறைப்பார்கள். ஒரு பயணியின் கையில் இருப்பது இவ்வளவுதான். பஸ்ஸின் எண்ணிக்கை என் கையில் இல்லை. கோச்சி என் கையில் இல்லை. 8.30 என் கையில் இல்லை. இதை எத்தனை தடவை சொல்வது?

அந்தப் படத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற கையை வைத்துத்தான் அதிகம் சிரித்திருந்தார்கள். "மேடம் டாட்டா காட்டுறா" என்று ஒருவர். சேரும் அதற்கு ஒரு சிரிப்புப் போட்டிருந்தார். சேர், அது என் கை. அந்தப் பஸ்ஸின் யன்னல் கண்ணாடிக்குக் கொழுக்கி உடைந்துபோயிருந்தது. ஒவ்வொரு பிரேக்குக்கும் தானாக ஓடிவந்து மூடிக்கொள்ளும். அந்தச் சீட்டில் ஒரு கைக்குழந்தையோடு ஒரு பெண் இருந்தார். அவர்களுடைய தலைக்கு மேலால் எட்டி, தெஹிவளையில் இருந்து கோட்டை வரைக்கும் அந்தக் கண்ணாடி மூடாமல் கையால் பிடித்துக்கொண்டு வந்தேன். உள்ளங்கையில் விளிம்பு பட்ட கோடு இன்னும் இருக்கிறது.

சேர், நீங்கள் எங்களுக்குப் படிப்பித்த நாட்களில் மழைக்கு நனைந்துகொண்டு பஸ்ஸில்தான் வருவீர்கள். ஒரு நாள் முக்கால் மணித்தியாலம் பிந்தி வந்து, சட்டையில் ஒரு பொத்தான் இல்லாமல், "பிள்ளைகள், இறங்க விடுறாங்கள் இல்லை" என்று சிரித்தீர்கள். நாங்களும் சிரித்தோம். உங்களுக்கு ஒழுக்கம் இல்லை என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கார் வாங்கியது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். அந்தப் போஸ்ட்டை எடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை.

அம்மாவுக்கு அந்தப் படத்தைக் காட்டவில்லை. காட்டினால் நெரிசலையோ மாஸ்க்கையோ பார்க்கமாட்டார். "என்ன பிள்ளை, கையை வெளியில நீட்டிக்கொண்டு நிக்கிறாய், கம்பத்தில அடிபட்டால் என்ன செய்யிறது" என்றுதான் ஏசுவார்.