ஏலக்காட்டு ஜீப்பில் வயது ஏறிக்கொண்டே போகிறது

விடியற்காலை ஐந்து மணிக்குத் தேனி மாவட்டத்தின் கம்பம், கூடலூர், கோம்பை, தேவாரம், போடி என எந்த ஊர் முக்கில் நின்றாலும் ஏலக்காட்டுக்கு, அதாவது எல்லை தாண்டிக் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் இருக்கும் ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போகிற ஜீப்பைப் பார்க்கலாம். கையில் தூக்குவாளி, தலையில் துண்டு, மழைக்குப் போர்த்த ஒரு பிளாஸ்டிக் தாள். ஏறுகிறவர்களின் முகத்தைக் கவனியுங்கள். பெரும்பாலும் நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்கள். அறுபதைத் தொட்டவர்களும் உண்டு. அவர்களுடைய மகளையும் மருமகளையும் அந்த ஜீப்பில் காண்பது அரிது. திருப்பூர் பனியன் கம்பெனி, ஜவுளிக்கடை, நர்சிங் படிப்பு என்று அவர்கள் வேறு பக்கம் போய்விட்டார்கள். போனதும் சரிதான்.

மலைக்கு மேலே வண்டன்மேடு, நெடுங்கண்டம், உடும்பஞ்சோலை, பூப்பாறை எங்கே கேட்டாலும் தோட்டக்காரர்கள் சொல்வது ஒன்றுதான்: "ஆளே கிடைக்க மாட்டேங்குது." அதில் பொய் இல்லை. ஆனால் அதற்கு அவர்கள் சொல்லும் காரணங்கள் எனக்கு ஒப்பவில்லை. நூறு நாள் வேலை கெடுத்துவிட்டது, உரிமைத்தொகை கெடுத்துவிட்டது, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உடம்பு வணங்கவில்லை என்கிறார்கள். கணக்கு வேறு மாதிரி இருக்கிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அறுபது வயதைக் கடந்தவர்கள் கேரளத்தில் 12.6 சதவீதம், தமிழ்நாட்டில் 10.4. அரசின் கணிப்புப்படி 2031-இல் கேரளத்தில் இது 20.9 ஆகும், தமிழ்நாட்டில் 18.2. அதே ஆண்டுக்கு இந்தியா முழுமைக்குமான கணிப்பு 13.1தான். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள் இரண்டு மாநிலத்திலும் ஒரே எண், 1.8. ஒரு தலைமுறை தன் இடத்தை நிரப்ப 2.1 வேண்டும். கேரளம் 1980-களின் கடைசியிலேயே அந்த எல்லைக்குக் கீழே வந்தது, தமிழ்நாடு சில ஆண்டுகள் கழித்து வந்தது. இடுக்கியை மட்டும் எடுத்தால் 2001-க்கும் 2011-க்கும் நடுவில் மாவட்டத்தின் மக்கள்தொகையே 1.8 சதவீதம் சுருங்கியிருக்கிறது.

இத்தனை காலமும் கேரளத்தின் மேட்டு நிலத்துக்குக் கை கொடுத்தது தேனி மாவட்டம். கேரளத்துக்கு வயதானபோது அது பெரிதாகத் தெரியாமல் போனதற்குக் காரணம், எல்லைக்கு இந்தப் பக்கம் இளம் கைகள் இருந்தன. இப்போது இந்தப் பக்கமும் நரைத்துவிட்டது. 1956-இல் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்கு என்று முடிவானது. அங்கே காய் எடுப்பது யார் என்பது மட்டும் அதற்குப் பிறகும் மாறவில்லை. மாறப்போவது இனிமேல்தான்.

கேரளத்தின் நிலையை வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். 2023–24 தொழிலாளர் ஆய்வில் 15 முதல் 29 வயதுக்குள் வேலை தேடியும் கிடைக்காதவர்கள் கேரளத்தில் 29.9 சதவீதம். நாட்டின் சராசரி 10.2. அந்த மாநிலத்தில்தான் தோட்டத்துக்கு ஆளில்லை என்ற கூக்குரலும். இரண்டுமே உண்மைதான். 2023 கேரளப் புலம்பெயர்வு ஆய்வின்படி வெளிநாட்டில் இருக்கும் மலையாளிகள் சுமார் 22 லட்சம் பேர், அந்த ஆண்டு அவர்கள் அனுப்பிய பணம் 2 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். படிக்கப் போன மாணவர்கள் மட்டும் 2018-இல் 1.29 லட்சமாக இருந்து 2023-இல் இரண்டரை லட்சமாக ஏறியிருக்கிறார்கள். அப்படிப் பணம் வருகிற, பிள்ளையை அப்படிப் படிக்க வைக்கிற வீட்டிலிருந்து சரிவில் குனிந்து காய் எடுக்க யாரும் வரமாட்டார்கள். அதைச் சோம்பேறித்தனம் என்பது தவறு. அதற்காகத்தானே அந்தப் பெற்றோர் பாடுபட்டார்கள்! நம் ஊர்ப் பெண்ணும் அதே கனவோடுதான் மகளை நர்சிங் சேர்க்கிறாள்.

கூலியையும் பார்த்துவிடுவோம். ரிசர்வ் வங்கி வெளியிட்ட 2022–23 கணக்கில் கிராமப்புற விவசாயக் கூலி கேரளத்தில் நாளுக்குச் சராசரி 764 ரூபாய், நாட்டின் சராசரி 345. கட்டட வேலைக்குக் கேரளத்தில் 852. நாட்டிலேயே கூலி அதிகமான மாநிலத்தில் ஆள் இல்லை என்றால், கூலியை ஐம்பது ரூபாய் ஏற்றுவதோடு இது தீராது. என்ன வேலை, அதைச் செய்யும் கை எப்படிப்பட்டது என்று இறங்கிப் பார்க்க வேண்டும்.

ஏலச்செடியில் காய் எடுப்பது வெறும் உடல் உழைப்பு என்று நினைப்பவர்கள் ஒரு செடியடியில் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். சரம் செடியின் அடியிலிருந்து கிளம்பித் தரையை ஒட்டி நீளும். ஒரே சரத்தில் பூவும் இருக்கும், பிஞ்சும் இருக்கும், முற்றிய காயும் இருக்கும். பூத்த காய் முற்ற ஏறக்குறைய நான்கு மாதம். எடுக்கிறவர் இடது கையால் சரத்தைத் தூக்கிப் பிடித்து, வலது கையின் விரல்களால் முற்றியதை மட்டும் காம்பு கிழியாமல் கிள்ளுகிறார். முற்றியது என்பதற்கு அடையாளம் தோலில் மட்டும் இல்லை. உள்ளே விதை கறுத்திருக்க வேண்டும், தோல் இன்னும் பச்சையாக இருக்க வேண்டும். இதைத்தான் கருங்காய்ப் பருவம் என்கிறோம். இந்தப் பருவத்தை விட்டுப் பழுக்கவிட்டால் நிறம் போய்விடும், உலர்த்தும்போது வெடிக்கும். முந்தி எடுத்தால் சுருங்கிப்போகும். பழகினவர் விரல் பட்டதும் கண்டுகொள்வார். அந்தப் பழக்கம் வர இரண்டு சீசன் ஆகும்.

இதற்குப் பணக்கணக்கு உண்டு. நூறு கிலோ பச்சைக்காய் கருங்காயாக இருந்தால் உலர்ந்த பிறகு 24 கிலோ வரை நிற்கும். இளங்காயாக இருந்தால் 14 கிலோதான். புதிய ஆள் எடுத்த நூறு கிலோவில் கால்பங்கு இளங்காய் என்று வைத்துக்கொள்வோம். 75 கிலோவுக்கு 18, மிச்சம் 25 கிலோவுக்கு மூன்றரை. மொத்தம் இருபத்தொன்றரை கிலோ. இரண்டரை கிலோ போயிற்று. கிலோ 2000 ரூபாய் விலையில் அது 5000 ரூபாய். போனது அதோடு நிற்கவில்லை. அந்த இளங்காயை விட்டிருந்தால் அடுத்த சுற்றில் முழுக் காயாக வந்திருக்கும். அவசரத்தில் சரத்தையே கிழித்திருந்தால் அந்தச் சரத்தில் இனி வரவேண்டிய பூவும் காயும் சேர்ந்தே போயின. தோட்டக்காரர் சம்பளப் பட்டியலில் மிச்சம் பிடித்தது செடியடியில் கொட்டிப்போகிறது.

அப்படியும் பல தோட்டங்களில் இருபது வருடம் பழகின பெண்ணுக்கும் நேற்று வந்தவருக்கும் ஒரே நாள்கூலி. சில இடங்களில் பச்சைக்காய் எடைக்குக் காசு. எடைக்குக் காசு என்றதுமே இளங்காய் பைக்குள் வந்துவிடும். அதற்குத் தொழிலாளியைத் திட்டிப் பயனில்லை, முறையே அதைக் கேட்கிறது. இதைவிட நல்ல வழி இருக்கிறது. நாள்கூலியை அடிப்படையாக வையுங்கள். சாயங்காலம் ஒவ்வொருவர் பையிலிருந்தும் கை போன போக்கில் ஐம்பது காய் எடுத்து உடைத்துப் பாருங்கள். விதை வெள்ளையாக இருப்பது இரண்டு மூன்றுக்கு மேல் போகாதவருக்கு அன்றைக்கே கூடுதல் தொகை கொடுங்கள். ஐந்து நிமிட வேலை. மேலே சொன்ன இரண்டரை கிலோவின் விலையில் ஒரு சிறு பங்குதான் செலவாகும். கைப்பழக்கத்துக்கு விலை உண்டு என்று தெரிந்தால், கற்றுக்கொள்ள ஒரு இளவட்டமாவது முன்வரும்.

இப்போது ஜார்க்கண்ட், மத்தியப் பிரதேசம், அசாம் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். அவர்கள் நம் வயிற்றில் அடிக்க வந்தவர்கள் என்று சிலர் எழுதுவதைப் படிக்கும்போது வருத்தமாக இருக்கிறது. நம் பாட்டன் பாட்டி எந்தப் பஞ்சத்தில் இந்த மலை ஏறினார்களோ அதே காரணத்துக்காக அவர்கள் இரண்டாயிரம் கிலோமீட்டர் கடந்து வருகிறார்கள். அவர்களுக்குப் பயிற்சி இல்லாததுதான் குறை. கங்காணி தமிழிலோ மலையாளத்திலோ கத்துவார், அவர்களுக்கு அது புரியாது. முதல் பத்து நாள் பழகின ஒரு பெண்ணோடு இரண்டு புதியவர்களைச் சோடி சேர்த்து ஒரே வரிசையில் விட்டாலே பாதிச் சேதம் குறையும். கற்றுக்கொடுக்கும் பெண்ணுக்கு அந்த நாட்களில் எடை கேட்கக் கூடாது, கூடுதல் கூலி தர வேண்டும். மொழியே வேண்டாம். காயை உடைத்துக் கறுத்த விதையைக் காட்டினால் போதும்.

மெஷின் வந்தால் எல்லாம் சரியாகும் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. களை வெட்ட மெஷின் இருக்கிறது, மருந்தடிக்கப் பவர் ஸ்பிரேயர் இருக்கிறது, காய் தரம் பிரிக்க இருக்கிறது. அவற்றை வாங்குங்கள், அதில் மிச்சமாகும் ஆள்நாட்களைக் காய் எடுப்புக்குக் கொடுங்கள். ஆனால் நிழல் மரத்துக்கு அடியில், சரிவில், பிஞ்சும் காயும் கலந்த சரத்தில் கருங்காயை மட்டும் பொறுக்கும் மெஷின் இல்லை. கவாத்துக்கும் கைதான் வேண்டும். காய்ந்த இலையையும் பழைய தட்டையையும் நேரத்துக்குக் கழிக்காமல் ஆள் இல்லை என்று தள்ளிப்போட்டால் இலையுறைக்குள் இலைப்பேன் என்ற சிறு பூச்சி குடியேறும், காயில் சொறி விழும். சொறி விழுந்த காய் எந்த விலைக்குப் போகும் என்பது, ஏலம் விடும் மையங்கள் இருக்கும் புற்றடியிலும் போடியிலும் எல்லோருக்கும் தெரியும். காய் எடுக்கும் சுற்றும் அப்படித்தான். முப்பது நாற்பது நாளுக்கு ஒருமுறை வரவேண்டிய சுற்று அறுபது நாளானால் பழுத்து வெடித்த காயும், மழையில் அழுகலும்தான் மிஞ்சும்.

வயதானவர்களை என்ன செய்வது? அறுபது வயதுப் பெண்ணைச் செங்குத்துச் சரிவில் ஏற்றுவது பாவம். ஆனால் வேலையை விட்டே அனுப்புவது நஷ்டம். காய் உலர்த்தும் ஸ்டோரில் அவர்களுக்கு வேலை இருக்கிறது. எடுத்த காய் அன்றே உள்ளே போக வேண்டும், குவித்து வைத்தால் சூடேறிப் பச்சை நிறம் போய்விடும். 45-இலிருந்து 55 டிகிரிக்குள் வெப்பத்தைப் பிடித்து ஏறக்குறைய ஒரு நாள் முழுக்கக் கவனிக்க வேண்டும். வெப்பம் தாண்டினால் தோல் வெடித்துப் பழுப்பாகும். கையில் அள்ளிக் குலுக்கினால் உள்ளே விதை ஆடும் ஓசையை வைத்தே காய் உலர்ந்ததைச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள். நாற்றங்கால், தரம் பிரிப்பு, புதியவர்களுக்குப் பயிற்சி எல்லாமே உட்கார்ந்து செய்யக்கூடியவை.

ஜீப் விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது. பத்துப் பேருக்கான வண்டியில் இருபது பேரை அடைத்து, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் இருட்டோடு ஏற்றுகிறோம். விபத்து நடந்தால் ஒரு வாரம் சோதனை, பிறகு பழையபடி. தலைக்கு இவ்வளவு என்று ஜீப்காரருக்குப் போகிற வரை இது மாறாது. அருகருகே இருக்கும் நாலைந்து தோட்டக்காரர்கள் சேர்ந்து வேன் ஒன்றை மாத வாடகைக்கு எடுத்துவிட்டால் தலைக்கணக்குக்காக அடைக்கும் தேவையே போய்விடும். தோட்டத்தில் ஒரு கழிப்பறையும் மழைக்கு ஒதுங்க ஒரு கொட்டகையும் இல்லாமல் இளம் பெண்கள் வரவில்லையே என்று கேட்பதில் நியாயம் இல்லை.

எனக்கு அதிகம் வலிக்கும் இடம் ஓய்வூதியம். 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் 5 ஹெக்டேரும் 15 தொழிலாளரும் இருந்தால்தான் தோட்டம் என்று எடுத்துக்கொண்டது. ஏலக்காட்டில் பெரும்பாலானவை அதற்குள் வராத சிறு தோட்டங்கள். வருங்கால வைப்புநிதிக்கு 20 பேர் வேண்டும், அதில் ஓய்வூதியம் பெறப் பத்து ஆண்டுப் பதிவு வேண்டும். திங்கள் ஒரு தோட்டம், புதன் ஒரு தோட்டம் என்று முப்பது வருடம் உழைத்த பெண்ணின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ரேஷன் கார்டு கம்பத்தில் இருப்பதால் கேரளத்தின் நலத்திட்டத்துக்கு அவர் வெளியூர்க்காரர். அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான இ-ஷ்ரம் பதிவு 2021-இல் வந்தபோது 59 வயதோடு முடிந்தது. மாதம் 3000 ரூபாய் தரும் மத்திய அரசின் ஷ்ரம் யோகி ஓய்வூதியத்தில் சேர 40 வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. ஜீப்பில் இருப்பவர்களில் பாதிக்கு மேல் அந்த வயதைக் கடந்தவர்கள்.

2015-இல் மூணாறு தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் பெம்பிளை ஒருமை (பெண்கள் ஒற்றுமை) என்று சாலையில் உட்கார்ந்தபோது போனஸும் கூலியும் பேச்சுவார்த்தைக்கு வந்தன. அவர்கள் ஒரே கம்பெனியின் வருகைப் பதிவேட்டில் இருந்தவர்கள். ஏலக்காட்டுப் பெண்களுக்கு அந்தப் பதிவேடே கிடையாது. ஆகவே கேட்க வேண்டியது முதலில் அதைத்தான்: எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் கூடவே போகிற ஒரு வேலை அட்டை. தேதி, தோட்டம், கூலி, தோட்டக்காரர் கையெழுத்து. இரு மாநிலத் தொழிலாளர் துறைகளும் ஏற்றுக்கொள்ளும்படி ஒரே படிவம். தோட்டக்காரரின் பங்கு நாளுக்கு இவ்வளவு என்று அதில் சேர வேண்டும், வயது வரம்பு இல்லாமல். ஜூலை ஆகஸ்டில் முதல் எடுப்பு தொடங்குகிறது. அதற்குள் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு மூன்று வழியிலும் யார் யார் போகிறார்கள் என்று பெயரும் வயதும் எழுதத் தொழிற்சங்கங்களுக்கு யார் அனுமதியும் தேவையில்லை. ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு காலை ஐந்து மணிக்கு ஜீப் நிற்கும் இடத்துக்குப் போனால் போதும்.