ரப்பர் புழுவின் மேல் பழி போடாதீர்கள்

அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். வெள்ளிக்கிழமை இரவிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்துகொண்டே இருக்கிறது. "அண்ணா, இதற்கு நீங்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும்" என்று சிலர். "நாங்கள் அப்போதே சொன்னோமே" என்று சிலர். கன்னியாகுமரி மாவட்டத்து மணக்குடிப் பாலத்தடியில் ஒருவர் ரப்பர் புழுவை இரையாகப் போட்டுத் தூண்டில் வீசி, மீன் கிடைக்கவில்லை என்று எடுத்த வீடியோ அது. யார் எடுத்தது என்பது உங்களில் பலருக்குத் தெரியும். பெயரை நான் எழுதப் போவதில்லை. "சாஃப்ட் பிளாஸ்டிக் எல்லாம் ஏமாற்று வேலை, நம் ஊர்த் தண்ணீரில் ஒரு மீனும் தொடாது" என்று அதில் ஒரு தீர்ப்பு சொல்லப்பட்டிருக்கிறதே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். சாஃப்ட் பிளாஸ்டிக் என்பது இந்த ரப்பர் புழு மாதிரியான மெத்தென்ற செயற்கை இரை.

அந்தப் புழு தூண்டில் முள்ளில் எப்படிக் கோர்க்கப்பட்டிருந்தது என்று யாராவது கவனித்தீர்களா?

நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். இரையை கேமராவுக்கு நேரே தூக்கிக் காட்டுகிற இடம் ஒன்று வருகிறது. முள் மூக்கின் நடுவில் நுழையாமல் ஓரமாக நுழைந்திருக்கிறது. நடு உடம்பு சுருங்கி மேடு தட்டி நிற்கிறது. வால் ஒரு பக்கமாகத் திருகிக் கிடக்கிறது. அதைத் தண்ணீரில் போட்டு இழுத்தால் நீந்தாது, தன்னைத்தானே சுற்றிக்கொண்டுதான் வரும். சுற்றச் சுற்ற நூலும் முறுக்கேறும். கொஞ்ச நேரத்தில் ரீலில் சிக்கு விழும். வீடியோவின் பிற்பகுதியில் அவர் சிக்கெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அதனால்தான். அந்தச் சிக்குக்கும் ரீல் கம்பெனியைத் திட்டுகிறார்.

குற்றம் இரையில் இல்லை. கோர்த்த கையில் இருக்கிறது. இதை இந்தப் பக்கத்தில் எத்தனையோ முறை எழுதிவிட்டேன், இன்றும் எழுதுகிறேன், நாளையும் எழுதுவேன்.

புதிதாக வந்தவர்களுக்காக ஒரு முறை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். 4 அங்குலப் புழு, 3/0 அளவு ஆஃப்செட் முள் (கழுத்தில் மடிப்பு உள்ளது), 5 கிராம் ஈயம் என்று வைத்துக்கொள்வோம். துப்பாக்கிக் குண்டு வடிவ ஈயத்தை முதலில் நூலில் ஏற்றிவிட்டுப் பிறகு முள்ளைக் கட்டுங்கள். புழுவின் மூக்கின் நட்டநடுவில் முனையை வைத்து, அரை சென்டிமீட்டர் அளவுக்கு நேராகச் செலுத்தி, அடிப்பக்கமாக வெளியே எடுங்கள். முள்ளின் கழுத்து மடிப்பு வரை புழுவை ஏற்றுங்கள். நூல் கட்டிய வளையம் மூக்குக்குள் மறைந்ததும் முள்ளை அரைவட்டம் திருப்புங்கள். இப்போது முனை புழுவின் உடம்பைப் பார்த்து நிற்கும். இந்த இடத்தில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். முள்ளைச் சும்மா தொங்கவிட்டு, அதன் வளைவு உடம்பில் எந்த இடத்துக்கு வருகிறது என்று பார்க்க வேண்டும். அங்கே நகத்தால் ஓர் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். புழுவை லேசாக மடக்கி, அடையாளம் வைத்த இடத்தில் முனையைச் செங்குத்தாக ஏற்றி மேல்பக்கம் எடுத்து, முனையை மட்டும் தோலுக்கு அடியில் செருகி மறைத்துவிடுங்கள். விரலால் தடவினால் குத்தக் கூடாது. மீன் கவ்வி நீங்கள் ராடை, அதாவது தூண்டில் கம்பை, சட்டென்று வெட்டி இழுக்கும்போது அந்த மெல்லிய தோலைக் கிழித்துக்கொண்டு முனை வெளியே வர வேண்டும்.

அளவு பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். அச்சில் வார்த்த புழுவின் இரண்டு பக்கமும் மயிரிழை போல ஒரு கோடு ஓடும். வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். முள் நுழைகிற இடமும் வெளியே வருகிற இடமும் இந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவில் இருந்தால் இரை நேராக இருக்கிறது என்று பொருள். பிறகு நூலைப் பிடித்துத் தொங்கவிட்டு மூக்குப் பக்கத்திலிருந்து ஒரு பார்வை. காலடித் தண்ணீரில் போட்டு ஒரு மீட்டர் இழுத்துப் பார்க்க வேண்டும். சுற்றினால் கழற்றிவிட்டு மறுபடியும் கோர்க்க வேண்டும். இவ்வளவுதான் வேலை. இதற்குச் செலவிட அரை நிமிடம் இல்லாதவருக்கு அந்த வீடியோவை வெட்டி ஒட்டிப் பாட்டுச் சேர்க்க மட்டும் எங்கிருந்து நேரம் கிடைத்தது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் ஊர் வெயிலில் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் பாக்கெட்டைப் போட்டு வைத்தால், புழு கிடந்த வாக்கிலேயே வளைந்துவிடும். வளைந்த புழுவை எவ்வளவு நேராகக் கோர்த்தாலும் சுற்றத்தான் செய்யும். டீக்கடையில் ஒரு தம்ளர் வெந்நீர் கேட்டு வாங்கி, புழுவை அதில் சற்று நேரம் போட்டு எடுத்து, சமமான இடத்தில் நீட்டி ஆறவிடுங்கள். பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும். வெவ்வேறு வகைப் பிளாஸ்டிக்கை ஒரே டப்பாவில் கலந்து போடாதீர்கள், ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொள்ளும். அதற்கும் கம்பெனிதான் காரணம் என்று ஒரு வீடியோ வந்துவிடப் போகிறது.

"இது அமெரிக்காக்காரன் பாஸ் மீனுக்குக் கண்டுபிடித்தது, இங்கே பாஸ் ஏது?" என்று கேட்கிறார்கள். உண்மைதான், அந்த மீன் நம் குளங்களில் இல்லை. 1949-ல் ஒஹையோ மாநிலத்தின் ஏக்ரன் நகரில் நிக் கிரீம் என்பவர் தன் மனைவியோடு சேர்ந்து வீட்டுச் சமையலறை அடுப்பில் காய்ச்சி வார்த்ததுதான் இன்று நாம் வாங்குகிற பிளாஸ்டிக் புழுவின் தொடக்கம். பிறகு அவர் தொழிலை டெக்சஸ் மாநிலத்தின் டைலர் நகருக்குக் கொண்டுபோனார். அந்தப் பக்கத்து ஏரிகளில் தண்ணீருக்கு அடியில் மரங்களும் செடிகளும் அடைந்து கிடக்கும். முள்முனை வெளியே தெரிந்தால் ஒவ்வொரு வீச்சிலும் கிளையில் மாட்டும். அதனால்தான் நான் மேலே சொன்ன, முனையை உடம்புக்குள் மறைக்கிற முறைக்கு 'டெக்சஸ் ரிக்' என்று அந்த மாநிலத்தின் பெயரே நிலைத்தது.

இப்போது நம் தாமரைக்குளங்களை நினைத்துப் பாருங்கள். கரையிலிருந்து பத்தடி தள்ளி இலை, தண்டு, வேர், பாசி. முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற எந்த முள்ளை அங்கே போட்டு ஒழுங்காக இழுக்க முடியும்? பாஸ் மீன் செடிக்குள் பதுங்கியிருந்து பாயும். நம் விரால் தாமரை இலைக்கு அடியில் பதுங்கியிருந்து பாயும். கொடுவா பாலத்துத் தூண் நிழலிலும் அலையாத்தி வேருக்குள்ளும் காத்திருந்து பாயும். மீன் வேறு, ஊர் வேறு. பதுங்கிப் பாய்கிற குணமும் அடைசலான தண்ணீரும் ஒன்று. வேறுபாடு இல்லாமல் இல்லை. பாஸின் பல் அரம் மாதிரி சொரசொரப்பாக இருக்கும். விராலுக்கோ நிஜமான பற்கள், வாலை மட்டும் கடித்துத் துண்டாக்கிவிட்டுப் போய்விடும். அதனால் தட்டியவுடன் இழுக்காமல், நூல் ஓடத் தொடங்கியபின் வெட்டி இழுக்க வேண்டும். கொடுவாவின் செவுள் மூடி கத்தி மாதிரி அறுக்கும், அதற்கு முள்ளுக்கு முன்னால் கட்டுகிற தடித்த லீடர் நூல் வேண்டும். இதையெல்லாம் தெரிந்துகொண்டு மாற்றிக்கொள்வதற்குப் பெயர் ஏமாற்று வேலையா?

"உயிர் இறால் இருக்கும்போது பிளாஸ்டிக் எதற்கு?" என்று கேட்கிறவர்களிடம் எனக்குச் சண்டை இல்லை. உயிர் இறால் நல்ல இரை. ஆனால் அதையும் கோர்க்கத் தெரிய வேண்டும். எங்கள் பாட்டா (தாத்தா) மணக்குடிப் பொழிமுகத்தில், காயல் கடலோடு சேர்கிற இடத்தில், கொடுவாவுக்குத் தூண்டில் போடுவார். இறாலின் தலைக்குள் கறுப்பாக ஒரு புள்ளி தெரியும். கொம்புக்கு அடியில், அந்தக் கறுப்புக்கு முன்னால், மேலோட்டை மட்டும் துளைக்கிற மாதிரி முள்ளை ஏற்றுவார். கறுப்பில் பட்டால் இறால் அப்போதே செத்துப்போகும். படாவிட்டால் நெடுநேரம் காலை உதைத்துக்கொண்டு நீந்தும். ஒருநாள் என் சித்தப்பா மகன் அவசரத்தில் நடு உடம்பில் குத்திக் கொடுத்தான். பாட்டா ஒன்றும் சொல்லவில்லை. அந்த இறாலைக் கழற்றிப் போட்டுவிட்டு, வாளியிலிருந்து வேறொன்றை எடுத்து அவரே கோர்த்தார். பள்ளிக்கூடம் போகாத மனிதர். நூல் எவ்வளவு, ஈயம் எவ்வளவு, ஏற்ற நீர் எப்போது திரும்பும் என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. மீன் கிடைக்காத நாளில் கடலையோ இறாலையோ அவர் திட்டி நான் கேட்டதில்லை. 2004 சுனாமியில் பாலத்தையே கடல் பெயர்த்துக்கொண்டு போன ஊர் அது. அந்த வருடத்துக்குப் பிறகும் அதே பொழிமுகத்தில்தான் போய் நின்றார்.

அவரிடம் கற்ற பழக்கத்தைத்தான் ரப்பர் புழுவுக்கும் கொண்டுவந்தேன். நம் பெரியவர்கள் செய்யாத எதையும் நான் புதிதாகச் சொல்லவில்லை. இரையை மதித்துக் கோர்க்கச் சொல்கிறேன்.

"நீ கம்பெனியிடம் காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறாய்" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். இது வலிக்கிறது. இந்தப் பக்கத்தில் ஒரு கடையின் பெயரையோ ஒரு பிராண்டின் பெயரையோ நான் எழுதிப் பார்த்திருக்கிறீர்களா? வால் கிழிந்த புழுவைக்கூட நெருப்புக் காட்டி ஒட்டிப் பயன்படுத்துவது எப்படி என்று எழுதியவன் நான். புதிதாக வாங்க வைப்பவன் அதை ஏன் சொல்லித் தருகிறான்?

"பிளாஸ்டிக்கைத் தண்ணீரில் போடுகிறாயே" என்பது நியாயமான கேள்வி. கிழிந்ததை அங்கேயே வீசிவிட்டு வருகிறவர்களை நானும் பார்க்கிறேன். அதை மீன் விழுங்கினால் செரிக்காது. என் பையில் கிழிந்த துண்டுகளுக்கென்றே ஒரு டப்பா இருக்கிறது. நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். தேரூர், சுசீந்திரம் குளங்கள் பறவைகளுக்கானவை, உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-ல் சேர்ந்தவை. அந்தப் பக்கம் தூண்டிலோடு யாரும் போகாதீர்கள். ஆனால் ஒன்று. காயலில் நைலான் வலைத்துண்டும் மதுப் பாட்டிலும் மிதக்கும்போது வாய் திறக்காதவர்கள், ஒரு பையன் கையில் இருக்கிற நான்கு அங்குலப் புழுவைப் பார்த்ததும் சுற்றுச்சூழல் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்தப் பையனைப் பற்றித்தான் நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். இவ்வளவு நேரம் முள்ளையும் ஈயத்தையும் பற்றி எழுதிக்கொண்டிருந்தாலும் என் மனம் அங்கேதான் நிற்கிறது.

வீடியோவின் கடைசியில் ஒரு பாலிடெக்னிக் மாணவன் வருகிறான். பக்கத்தில் தன் பாட்டுக்கு நின்று வீசிக்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டு, "எவ்வளவு கொடுத்து வாங்கினாய்?" என்று கேட்கிறார். அவன் சொல்கிறான். "இந்தக் காசுக்கு வீட்டுக்குச் சாளை வாங்கிக் கொடுத்திருந்தால் உன் அம்மாவாவது சந்தோஷப்பட்டிருப்பாள்" என்கிறார். சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். அவனும் சிரிக்க முயல்கிறான். கீழே வந்த கருத்துகளைப் படித்தேன். வேலைவெட்டி இல்லாதவன் என்கிறார்கள். அப்பன் காசைத் தண்ணீரில் போடுகிறவன் என்கிறார்கள். அந்தப் பையன் சனி, ஞாயிறுகளில் ஒரு கடையில் நின்று சம்பாதித்த காசில் அந்தப் பாக்கெட்டை வாங்கினான். இது எனக்குத் தெரியும். எழுதியவர்களில் ஒருவருக்காவது தெரியுமா? அவன் அம்மாவுக்கும் அந்த வீடியோ போய்ச் சேர்ந்திருக்கிறது.

அவன் கையில் இருக்கிற இரையையும் நிறுத்திப் பாருங்கள். மூக்கு நடுவில் முள் இருக்கிறது. உடம்பில் ஒரு சுருக்கம் இல்லை. பக்கக் கோடு தலையிலிருந்து வால் வரை நேராக ஓடுகிறது. முனை தோலுக்குள் மறைந்திருக்கிறது. அந்தப் பாலத்தடியில் அன்றைக்கு ஒழுங்காகக் கோர்க்கப்பட்டிருந்த ஒரே இரை அவனுடையது. கோணலாகக் கோர்த்தவர் கேள்வி கேட்கிறார், நேராகக் கோர்த்தவன் தலைகுனிந்து நிற்கிறான்.

"ஒரு மீனுக்காக இவ்வளவு கோபமா?" என்று கேட்காதீர்கள். மீனுக்காக இல்லை.

வீடியோ எடுத்தவர் இந்தப் பதிவைப் படிப்பார், எனக்குத் தெரியும். உங்கள் கருத்து உங்களோடு இருக்கட்டும், அதை நீக்கச் சொல்ல நான் யார்? எனக்கு மறுப்பு வீடியோ போட வேண்டுமானாலும் போடுங்கள், பதில் சொல்கிறேன். அந்த மாணவன் வருகிற பகுதியை மட்டும் இன்றைக்கே வெட்டி எடுத்துவிடுங்கள். அவனிடம் அனுமதி கேட்டு நீங்கள் அதைப் படம் பிடிக்கவில்லை. எடுத்துவிட்டால் இங்கே ஒரு வரி எழுதுங்கள், இந்தப் பதிவில் அவனைப் பற்றி நான் எழுதியதையும் நீக்கிவிடுகிறேன்.