ஆற்று நீரில் டிஎன்ஏ கிடைத்தால் மீன் அங்கே வாழ்கிறதா?

"சுங்கை பினாங்கு ஆற்றில் ஒரு போத்தல் தண்ணீர் எடுத்துச் சோதித்தால் போதும், எந்தெந்த மீன் உயிரோடு இருக்கிறது, எத்தனை இருக்கிறது, எல்லாம் தெரிந்துவிடும்" என்று மேலே ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி அண்ணே.

மீன் உதிர்க்கும் சளி, செதில், கழிவு இவற்றில் உள்ள டிஎன்ஏவைத்தான் நீரை வடிகட்டிப் பிடிக்கிறார்கள். அது உயிருள்ள மீனுடையதா, செத்ததுடையதா என்று சோதனை சொல்லாது. மீன் பாசாரில் கெம்போங் என்ற கடல்மீனைக் கழுவிய தண்ணீர் சாக்கடை வழியாக ஆற்றில் கலந்தாலும் முடிவில் கெம்போங் என்றுதான் வரும். நாம் சாப்பிட்ட மீனின் டிஎன்ஏ கழிவுநீரோடு வருவதும் உண்டு. கடல் ஏற்றமும் கடல்மீனின் டிஎன்ஏவை ஆற்றுக்குள் கொண்டுவரும். வெயிலிலும் சூட்டிலும் டிஎன்ஏ சீக்கிரம் சிதையும், ஆனால் அடிச்சேற்றில் சிக்கினால் நெடுங்காலம் தங்கிவிடும். கிரீன்லாந்து வண்டலில் சுமார் 20 லட்சம் ஆண்டுப் பழைய டிஎன்ஏ கிடைத்ததை 2022இல் வெளியிட்டார்களே!

எண்ணிக்கையோ, கூடுதலா குறைவா என்று ஓரளவு ஊகிக்கலாம், அவ்வளவுதான்.

அதற்காக இந்த முறையே வீண் என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். 2008இல் பிரான்சில் குளத்து நீரை மட்டும் வைத்தே அமெரிக்கக் காளைத் தவளை இருப்பதைக் கண்டறிந்து காட்டினார்கள். வலையில் சிக்காத அரிய இனங்களைத் தேட அருமையான வழி இது. பல இடங்களில், பல முறை நீர் எடுக்க வேண்டும், வலை போட்டும் பார்க்க வேண்டும். அப்புறம், ஒரு போத்தலில் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் அந்த மீன் அழிந்துவிட்டது என்றும் எழுதிவிடாதீர்கள்.