திரை மூலையில் ஒரு பெயர்

இந்த ஆண்டுப் புயல் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டு, மொரீசியசின் ரோஸ்ஹில்லில் எங்கள் வீட்டுச் சன்னல்கள் எல்லாம் அடைபட்டிருந்த ஒரு மாலையில், மின்சாரம் நிற்கும்வரை விளையாடிக்கொள்ள அக்காள் மகனுக்கு அனுமதி கிடைத்தது. அவன் மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டில் ஏதோ ஒரு மலையைக் குடைந்துகொண்டிருந்தபோது, நெடுநேர அமைதிக்குப் பிறகு அந்தப் பியானோ இசை மெல்ல எழுந்தது. "குமா லி அப்லே, மாமா?" என்று கிரியோலில் கேட்டான். இதற்கு என்ன பெயர் என்பது கேள்வி. பத்தாண்டுகளுக்கு மேலாக நானும் விளையாடிவரும் விளையாட்டு அது. அந்த இசையைத் தூக்கத்தில் கேட்டாலும் அடையாளம் சொல்வேன். பெயர் மட்டும் எனக்குத் தெரியவில்லை.

மறுநாளே அவன் ஒரு மாட் தேடி நிறுவினான். விளையாடுகிறவர்கள் 'மாட்' என்று அழைப்பது, விளையாட்டை உருவாக்கியவர்கள் அல்லாத பிறர் எழுதிச் சேர்க்கும் துணை நிரலை. (என் தாயார் இந்தச் சொல்லை மாடு என்றே கேட்டுக்கொள்கிறார், திருத்துவதை விட்டுவிட்டேன்.) இந்த மாட் செய்கிற வேலை மிகச் சிறியது. பின்னணி இசை தொடங்கும்போது திரையின் மூலையில் ஒரு சிறு பட்டை வந்து, இசையின் பெயரையும் அமைத்தவர் பெயரையும் சில நொடிகள் காட்டிவிட்டு மறைகிறது. அன்று மாலை எங்களை நிறுத்திய இசைக்கு 'ஸ்வீடன்' என்று பெயர். அமைத்தவர் சி418 என்ற புனைபெயர் கொண்ட ஜெர்மானியர் டேனியல் ரோசன்ஃபெல்ட். இந்துமாக்கடல் தீவொன்றில் மழைக்குள் அடைந்து கிடந்த இருவர் இத்தனை காலம் கேட்டது ஸ்வீடன் என்பதை அறிந்ததும் எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வேலை சிறியது என்றாலும் அதற்குப் பின்னால் பொறுமையான உழைப்பு இருக்கிறது. அந்த விளையாட்டின் பழைய பதிப்புகளில் இசைக் கோப்புகள் தம் உண்மைப் பெயரோடு இல்லை: ஸ்வீடன் அங்கே 'காம்3', 'லிவிங் மைஸ்' என்பது 'ஹால்2', 'மைஸ் ஆன் வீனஸ்' என்பது 'பியானோ3'. ஆகவே, எந்தக் கோப்பு ஒலிக்கத் தொடங்குகிறது என்று கவனித்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு கோப்புக்கும் இசைத்தொகுப்பில் உள்ள பெயர் எது என்று ஒருவர் உட்கார்ந்து கேட்டு, ஒப்பிட்டு, பட்டியல் போட வேண்டும். அந்தப் பட்டியல்தான் மாடின் உயிர். அதைப் போடாமல் கோப்பின் பெயரையே திரையில் காட்டிவிடும் சோம்பேறி மாட்களும் உண்டு. 'பியானோ3' என்று காட்டுவதைவிட ஒன்றும் காட்டாமல் இருப்பது மேல்.

என் ஆதங்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வெளியிலிருந்து உரிமை வாங்கிச் சேர்த்த பாடல்களுக்கு விளையாட்டுகள் எப்போதோ பெயர் காட்டத் தொடங்கிவிட்டன. 2003இல் வந்த கார்ப் பந்தய விளையாட்டான நீட் ஃபார் ஸ்பீடு அண்டர்கிரவுண்டில், பாட்டு மாறும்போதெல்லாம் பாடலும் குழுவும் மூலையில் வந்துபோயின. 2008இல் வந்த ஜிடிஏ 4இல் இன்னும் அழகான ஏற்பாடு இருந்தது: காரில் வானொலி கேட்டுக்கொண்டிருக்கும்போது விளையாட்டுக்குள் இருக்கும் தொலைபேசியில் ஓர் எண்ணுக்கு அழைத்தால், ஓடிக்கொண்டிருக்கும் பாடல் எது என்று குறுஞ்செய்தி வரும். ஒரு விளையாட்டுக்கென்றே அமைக்கப்பட்ட பின்னணி இசைக்கோ பல இடங்களில் இந்த மரியாதை கிடைக்கவில்லை. விலை கொடுத்து வாங்கிய சரக்குக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டி, வீட்டில் சமைத்ததைப் பெயர் சொல்லாமல் பரிமாறுவது போன்றது இது. தமிழ்ப் படங்களிலும் நாம் அப்படித்தானே இருக்கிறோம்? பாடல்களின் முதலடி நமக்குத் தெரியும். பின்னணி இசையை "அந்த மழைக் காட்சி பிஜிஎம்" என்றுதான் சொல்லத் தெரியும்.

இது நம் பழைய வழக்கமும் அல்ல. பரிபாடலின் பாடல்களுக்கு அடியில் உள்ள குறிப்புகளைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். மூன்றாம் பாடலுக்குக் கீழே, பாடியவர் கடுவன் இளவெயினனார், இசை வகுத்தவர் பெட்டனாகனார், பண் பாலையாழ் என்று மூன்றும் தனித்தனியே இருக்கின்றன. அந்த இசை நமக்குக் கிடைக்கவில்லை. ஒரு சுரம்கூட மிஞ்சவில்லை. பெட்டனாகனார் என்ற பெயர் மட்டும் ஏடு பெயர்த்து எழுதியவர்களின் கையால் பிழைத்து வந்திருக்கிறது. அந்தக் குறிப்பை விடாமல் எழுதியவர்கள் செய்ததும், இன்று ஊதியமில்லாமல் மாட் எழுதுகிறவர் செய்வதும் ஒரே வகை வேலை என்று நான் நினைக்கிறேன்.

பெயர் காட்டுவதற்கு எதிராக என் நண்பர் ஒருவர் சொல்வதில் பாதியை நான் ஏற்கிறேன். மைன்கிராஃப்டின் இசை எந்நேரமும் ஓடிக்கொண்டிருப்பதில்லை. ஒன்று முடிந்தால் அடுத்தது வரப் பத்து இருபது நிமிடம்கூட ஆகலாம். எதிர்பாராமல் வருவதுதான் அதன் சுவை. அந்த நொடியில் எழுத்துப் பட்டை எட்டிப் பார்த்தால் சுவை கெடுகிறது என்பது அவர் கட்சி. கச்சேரியில் ஆலாபனை எழும்பும் முன்பே பக்கத்து நாற்காலிக்காரர் இராகத்தின் பெயரைச் சொல்லிவிட்டால் எனக்கும் எரிச்சல் வரும். ஆனால் கச்சேரி முடிவில் வரும் துக்கடா வரை காத்திருந்தும் யாரும் சொல்லாமல் வீடு திரும்புவது அதைவிடக் கொடுமை. ஆகவே பெயர் வரட்டும், முதல் சுரத்தோடு வர வேண்டாம். சிறிது நேரம் கழித்து, சிறிய எழுத்தில், ஒலி எதுவும் எழுப்பாமல் வரட்டும். வேண்டாதவர் அணைத்துவைக்கும் வசதியும் இருக்கட்டும்.

2025 ஜூனில் வந்த 1.21.6 பதிப்பில், மைன்கிராஃப்ட் தானே இசையின் பெயரைக் காட்டத் தொடங்கிவிட்டது. அதே ஆண்டு ஏப்ரலில், 2011இல் வெளியான அதன் முதல் இசைத்தொகுப்பை அமெரிக்கக் காங்கிரசு நூலகம் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் சேர்த்தது. இனி மாட் எதற்கு என்று கேட்கிறார்கள். பழைய பதிப்புகளில், அவற்றுக்கென எழுதப்பட்ட நூற்றுக்கணக்கான மாட்களோடு விளையாடுகிறவர்கள் இன்னும் ஏராளம். அவர்களுக்குப் பெயர் சொல்ல வேறு ஆளில்லை. எங்களுக்கு வேறொரு காரணமும் இருந்தது: மருமகன் தன் சொந்த இசையை விளையாட்டில் சேர்க்க விரும்பினான்.

எங்கள் கோவிலில் தேவாரம் பாடும் பெரியவரிடம் அனுமதி கேட்டு, "தோடுடைய செவியன்" பதிகத்தைக் கைப்பேசியில் பதிவு செய்து, விளையாட்டின் இசைக் கோப்புகளுக்கு இடையே வைத்தோம். பட்டியலில் பெயரைத் தமிழிலேயே எழுதினான். இசை வந்தது, பட்டையும் வந்தது; எழுத்து மட்டும் சிதைந்திருந்தது. 'செ' எழுத்தின் ஒற்றைக் கொம்பு சகரத்துக்குப் பின்னால் போய் நின்றது. 'தோ' எழுத்தில் கொம்பும் காலும் தகரத்தைத் தனியே விட்டுவிட்டு ஒன்றாக ஒதுங்கியிருந்தன. கணினிக்குள் கொம்பு மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது; வரையும் நேரத்தில் அதை முன்னால் கொண்டுவருவது எழுத்தை வரையும் நிரலின் பொறுப்பு. நாங்கள் நிறுவிய மாட் ஒவ்வொரு குறியையும் வந்த வரிசையிலேயே வரைந்துவிட்டது. எங்கள் மொரீசியஸ் ரூபாய் நோட்டில் ஒழுங்காக நிற்கும் தமிழ், பையன் ஆசையோடு தட்டச்சிட்ட இடத்தில் தடுமாறியதைப் பார்க்க வருத்தமாக இருந்தது. கடைசியில் அந்தத் தலைப்பை ஆங்கில எழுத்தில் மாற்றினோம்.

அதற்குப் பிறகுதான் உண்மையான வாக்குவாதம் வந்தது. அந்த மாடில் இரண்டே கட்டங்கள்: தலைப்பு ஒன்று, கலைஞர் ஒன்று. "கலைஞர் யார் மாமா, சம்பந்தரா, நம் கோவில் தாத்தாவா?" என்று மருமகன் கேட்டான். பண் நட்டபாடை என்பதை எங்கே வைப்பது என்று நான் கேட்டேன். பரிபாடல் ஏட்டில் பாடியவர், இசை வகுத்தவர், பண் மூன்றுக்கும் இடம் இருந்தது. இங்கே ஒரு வரிக்கு மேல் நீளவில்லை. அரைமணி நேரம் பேசி, தலைப்போடு பண்ணைச் சேர்த்து, கலைஞர் இடத்தில் பாடிய பெரியவர் பெயரைப் போட்டோம். சம்பந்தருக்கு இடமில்லாமல் போனதை அந்தப் பெரியவரிடம் நாங்கள் இன்னும் சொல்லவில்லை.