முதலில் சைட்டை மாற்றுங்கள், துப்பாக்கி அப்புறம்

போன வாரம் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் அக்கா வீட்டில் சாப்பாடு. ராணுவத்தில் இருக்கும் அக்கா மகன் லீவில் வந்திருந்தான். பேச்சுவாக்கில், "மாமா, இருட்டிவிட்டால் ஆர்4-இல் குறியே தெரிவதில்லை. அந்தப் பச்சைப் புள்ளி செத்துப்போச்சு" என்றான். ஆர்4 என்பது நம் தென்னாப்பிரிக்க ராணுவத்தின் துப்பாக்கி. குறி, அதாவது சைட், இலக்கைப் பார்க்க அதில் இருக்கும் பாகம். அன்றிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. இருபது வருடத்துக்கு முன் ரிசர்வ் படையில் அதே துப்பாக்கியைத் தோளில் வைத்துச் சுட்டவன் நான். அப்போதே அது மங்கல்தான்.

ஆர்4 நல்ல துப்பாக்கி. அதை யாரும் குறை சொல்ல வேண்டாம். இஸ்ரேலின் கலில் துப்பாக்கியை வைத்து இங்கேயே செய்தது, 1980களின் தொடக்கத்தில் பழைய ஆர்1 துப்பாக்கிக்குப் பதிலாக வந்தது. 5.56 மி.மீ. தோட்டா, 35 தோட்டா மேகசின், காலியாகவே 4.3 கிலோ. தூசியோ சேறோ, அதன் இயக்கம் லேசில் நிற்காது.

எனக்குக் கற்றுக்கொடுத்த சார்ஜன்ட் முன்பு ஏ.என்.சி.யின் ஆயுதப் பிரிவான உம்கொன்ட்டோவில் ஏகே-47 துப்பாக்கி பிடித்தவர். 1994-இல் படைகள் ஒன்றானபோது எதிரெதிராக நின்றவர்கள் ஒரே வரிசைக்கு வந்தார்கள் அல்லவா, அப்படி வந்தவர். இரண்டு துப்பாக்கியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவார். ஏகேயில் பின்குறி நடுவில் இருக்கும், வெறும் வெட்டு. ஆர்4-இல் அதைப் பின்னால் கொண்டுவந்து கண்ணுக்குப் பக்கத்தில் துளையாக வைத்திருக்கிறார்கள், 300 மீட்டருக்கு ஒன்று, 500-க்கு ஒன்று. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே ஏகேயில் சுமார் 38 சென்டிமீட்டர், இதில் 47-க்கு மேல். அந்த இடைவெளி கூடக் கூட, குறி பார்ப்பதில் வரும் சின்னப் பிழை இலக்கில் குறைவாகவே தெரியும். துளை என்றால் கண் தானாகவே நடுவைப் பிடித்துக்கொள்ளும். நாற்பது வருடத்துக்கு முன் இது நல்ல சைட்தான்.

ஆனால் ராத்திரி? அதற்கென்று மடக்கி நிமிர்த்தும் தனிக் குறிகள் உண்டு. மூன்று சின்னக் குப்பிகளில் டிரிட்டியம் என்ற கதிரியக்க வாயு, 100 மீட்டருக்குச் சரிசெய்தது. பேட்டரி இல்லாமல் தானாக ஒளிரும். டிரிட்டியத்தின் அரைவாழ்வு, அதாவது பாதியாகக் குறையும் காலம், 12.3 ஆண்டு. 1985-இல் போட்ட குப்பி மாற்றப்படாமல் கிடந்தால் இன்று அதில் மிச்சம் பத்தில் ஒரு பங்குதான். ஒளிரும் பூச்சும் தேய்ந்திருக்கும். அவன் சொன்ன "செத்துப்போச்சு" இதுதான்.

பகலிலும் சிக்கல் தீரவில்லை. பின்துளை, முன்முள், இலக்கு என மூன்று தூரத்தில் மூன்று பொருள். கண் ஒன்றைத்தான் தெளிவாகப் பார்க்கும், முள்ளைப் பார் என்றுதான் பயிற்சி. 300 மீட்டரில் படுத்திருக்கும் ஆளை அந்த முள்ளே மறைத்துவிடும். நாற்பத்தைந்து வயது தாண்டிய சார்ஜன்ட்களுக்கு முள்ளே மங்குகிறது. சிவப்புப் புள்ளி சைட்டில் இந்தத் தொல்லை இல்லை. புள்ளி இலக்கின் மேலேயே விழுந்தது போலத் தெரியும், இரண்டு கண்ணும் திறந்திருக்கலாம். ஆஸ்திரியாக்காரர்கள் 1970களின் கடைசியிலேயே 1.5 மடங்கு லென்ஸைத் துப்பாக்கியோடு சேர்த்தே கொடுத்தார்கள். பிரிட்டன் 1980களில் தன் காலாட்படைக்கு 4 மடங்கு சைட் கொடுத்தது.

பேட்டரி தீர்ந்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். நல்ல சைட் ஒரே பேட்டரியில் வருடக்கணக்கில் எரிகிறது. இரும்புக் குறியும் அப்படியே இருக்கட்டும். உண்மையான சிக்கல் வேறு. ஆர்4-இன் மேல்மூடி துடைக்கும்போதெல்லாம் கழன்று வரும். அதன் மேல் சைட்டை மாட்டினால் மூடியைத் திரும்பப் போடும்போது ஸீரோ, அதாவது தோட்டா விழும் இடத்தோடு சைட்டைப் பொருத்தி வைத்த அமைப்பு, நகர்ந்துவிடலாம். அசையாத உறுதியான மூடியோ, பக்கவாட்டில் சைட்டை மாட்ட ஒரு ரெயிலோ (தண்டோ) வேண்டும். அதற்குச் செலவாகும். புதுத் துப்பாக்கிகள் வாங்கும் செலவில் அது ஒரு சிறு பங்குதான் என்பது என் கணக்கு.

ஜனவரி 2025-இல் காங்கோவின் கோமா பக்கம் நம் வீரர்கள் 14 பேர் உயிரிழந்தார்கள். சைட் இருந்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று சொல்ல நான் வரவில்லை, அங்கே நடந்தது அதைவிடப் பெரியது. ஆனால் அப்படிப்பட்ட இடத்துக்குப் பிள்ளைகளை அனுப்புகிறவர்கள், அனுப்புவதற்கு முன் அவர்கள் துப்பாக்கியை ஒரு ராத்திரி இருட்டில் எடுத்துப் பார்க்க வேண்டும். எல்லாருக்கும் உடனே முடியாதென்றால் வெளிநாடு போகும் படைக்கு முதலில் கொடுங்கள். அதுவும் முடியாதென்றால், அந்த மூன்று குப்பிகளையாவது மாற்றிக் கொடுங்கள். அவன் அடுத்த ஞாயிறு முகாமுக்குத் திரும்புகிறான்.