வீடு முழுக்கச் சூடாகும் என்று எந்த வாயால் சொன்னார்கள்?

கேஸ் ஃபயர்பிளேஸ் இன்செர்ட் (பழைய விறகுக் கணப்பின் குழிக்குள் பொருத்தும், கேஸில் எரியும் கணப்பு) விற்கிறவர்கள் எல்லாரும் ஒரே பல்லவியைத்தான் பாடுகிறார்கள்: "இது ஒன்று போதும், வீடு முழுக்கச் சூடாகிவிடும்." ஆகாது! ஹாலில் ஸ்வெட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு ஜன்னலைத் திறக்கலாமா என்று யோசிக்கிறோம். பின்பக்கப் படுக்கையறையில் பிள்ளைகள் காலுறையோடு போர்வைக்குள் சுருண்டு கிடக்கிறார்கள்.

மணிக்கு 30,000 பி.டி.யூ. (வெப்பத்தை அளக்கும் அலகு) என்று எண்ணை மட்டும் நீட்டுகிறார்கள். அந்தச் சூடு எந்த வழியாக அடுத்த அறைக்குப் போகும் என்று யாராவது சொன்னார்களா? வீடு முழுவதையும் சூடாக்கும் ஃபர்னஸ் என்றால், சூடான காற்றைக் கொண்டுபோக அறைக்கு அறை குழாய் உண்டு. இதற்கு இருப்பது ஒரு சின்ன ப்ளோயர் விசிறி. அது காற்றை முன்னால் தள்ளும், அவ்வளவுதான். சூடான காற்று மேலே ஏறிக் கூரையோடு தங்கிவிடுகிறது. நடையைத் தாண்டி, மூலை திரும்பி, மூடிய கதவுக்குள் அது எப்படிப் போகும்?

அதைவிடக் கொடுமை, சூட்டைப் பார்த்து ஃபர்னஸை ஓடவிட்டு நிறுத்தும் தெர்மோஸ்டாட். அது ஹால் சுவரில்தான் இருக்கிறது. கணப்பு எரிந்து ஹால் சூடானதும், வீடே சூடாகிவிட்டதாக எடுத்துக்கொண்டு ஃபர்னஸை நிறுத்திவிடுகிறது. பின் அறைகளுக்கு வந்துகொண்டிருந்த கொஞ்சநஞ்சச் சூடும் போச்சு. இவ்வளவு செலவழித்த பிறகு அந்த அறைகள் முன்பைவிட அதிகமாகக் குளிர்கின்றன! மாட்ட வந்தவர் அந்த தெர்மோஸ்டாட்டுக்குப் பக்கத்தில் நின்றுதானே வேலை பார்த்தார்? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

"கரண்ட் போனாலும் எரியும்" என்பதும் அரை உண்மைதான். எப்போதும் எரிகிற பைலட் சுடர் இருக்கிற மாடலில், அந்தச் சுடரின் சூட்டிலேயே தெர்மோபைல் என்ற சின்னக் கருவி ஒரு வோல்ட்டுக்கும் குறைவான மின்சாரத்தை உண்டாக்கி கேஸ் வால்வைத் திறந்து வைக்கும். சரி, தீ எரியும். ப்ளோயர்? அதற்கு வீட்டுக் கரண்ட் வேண்டும். கரண்ட் இல்லாத ராத்திரியில் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்தால்தான் குளிர் தெரியாது. அந்தக் கண்ணாடியோ, வலைத்தடுப்பு இல்லாவிட்டால், தொட்ட மாத்திரத்தில் குழந்தையின் கை வெந்துபோகும் அளவுக்குக் கொதிக்கும்.

சாதனம் மோசம் என்று நான் சொல்லவே இல்லை. திறந்த விறகுக் கணப்பு அறையின் சூட்டையே உறிஞ்சிப் புகைபோக்கி வழியாக வெளியே அனுப்பிவிடும்; டைரக்ட் வென்ட் இன்செர்ட் அப்படிச் செய்யாது. எரிவதற்கான காற்றை ஒரு குழாயில் வெளியிலிருந்து எடுத்து, புகையை இன்னொரு குழாயில் வெளியேற்றுகிறது. ஓர் அறைக்கு அருமையான சாதனம். அப்படியானால் ஓர் அறைக்கு என்று சொல்லி விற்க வேண்டியதுதானே?

புகார் சொன்னால் மட்டும் எல்லா யோசனையும் வருகிறது. தெர்மோஸ்டாட்டை வேறு அறைக்கு மாற்றுங்கள், ஃபர்னஸ் விசிறியை மட்டும் ஓடவிடுங்கள், படுக்கையறைக் கதவுகளைத் திறந்து வையுங்கள். தெரிந்திருக்கிறது, இல்லையா? பணத்தை வாங்குவதற்கு முன்னால் ஏன் ஐயா சொல்லவில்லை?