ஒன்பதாம் ஸ்தலமும் என் மூன்று பத்தித் தலைப்பும்

பதினாறாம் பெனடிக்டின் படத்தைப் போட்டு, "குற்றவாளிகளைக் காப்பாற்றிய போப்" என்று நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். நல்ல மனிதர். என்னோடு பத்து ஆண்டுகள் ஒரே மேசையில் தேநீர் குடித்தவர். படித்ததும் எனக்குக் கோபம் வரவில்லை, கூச்சம்தான் வந்தது. 'காப்பாற்றிய' என்ற அந்தச் சொல்லை மதுரையில் அச்சேற்றியவர்களில் நானும் ஒருவன்.

2010 மார்ச் 25, வியாழக்கிழமை இரவு. மதுரையில் ஒரு நாளிதழில் உலகச் செய்திப் பக்கம் என் பொறுப்பு. ராமநாதபுரம் பதிப்பு பத்தரை மணிக்கு அச்சுக்குப் போயாக வேண்டும். பத்து மணிக்கு ஏஜென்சி செய்தி ஒன்று வந்து விழுந்தது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், காது கேளாத சிறுவர்களுக்கான பள்ளியில் 1950 முதல் 1974 வரை இருந்த ஒரு குரு, அதாவது கத்தோலிக்கப் பாதிரியார், சுமார் 200 சிறுவர்களைச் சீரழித்தார் என்ற புகார். 1996-ல் மில்வாக்கி பேராயர் ரோமில் இருந்த கர்தினால் ராட்சிங்கருக்கு எழுதியும் அந்த ஆள் 1998-ல் குருவாகவே செத்தார் என்பது செய்தி. நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. அந்த ராட்சிங்கர்தான் அப்போது பெனடிக்ட் என்ற பெயரில் போப்.

மூலச் செய்தி நீளமானது. அடுத்தடுத்து வந்த மூன்று பேராயர்கள் விஷயம் தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லவில்லை என்பதும், புகார் போலீசுக்குப் போன காலத்தில் போலீசும் கண்டுகொள்ளவில்லை என்பதும் அதிலேயே இருந்தன. எனக்குக் கிடைத்த இடம் மூன்று பத்தி, பன்னிரண்டு வரி. "நடவடிக்கை எடுக்கத் தவறியதாகப் புகார்" என்று தலைப்பு வைத்துப் பார்த்தேன், அடங்கவில்லை. "பாதிரியாரைக் காப்பாற்றினார் போப்" கச்சிதமாக உட்கார்ந்தது. பக்கத்தை அனுப்பிவிட்டு எழுந்தேன்.

மறுநாள் வெள்ளி எனக்கு வார விடுப்பு. குருத்து ஞாயிற்றுக்கு முந்தைய வெள்ளி, கோவிலில் மாலை சிலுவைப்பாதை, இயேசு சிலுவை சுமந்த வழியைப் பதினான்கு ஸ்தலங்களாக நினைத்து ஜெபிப்பது. நல்ல கூட்டம். மின்விசிறிகள் வெக்கையைத்தான் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தன. எண்பதை நெருங்கிய எங்கள் உபதேசியார் ஸ்தலங்களை வாசித்தார். ஒன்பதாம் ஸ்தலத்தில், இயேசுநாதர் மூன்றாம் முறை கீழே விழும் இடத்தில், அவர் குரல் எப்போதும் கொஞ்சம் கம்மும். முடிந்ததும் என்னை வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டார். ஜெபப் புத்தகத்துக்குள்ளிருந்து நாலாக மடித்த துண்டு ஒன்றை எடுத்து விரித்தார். பிளேடால் நேராக நறுக்கிய என் மூன்று பத்தி.

"தம்பி, நீங்கள் பத்திரிகையில்தானே இருக்கிறீர்கள்? இது நிஜமா?"

"ஏஜென்சி செய்தி, ஐயா."

"அது போட்டிருக்கிறது. நிஜமா என்று கேட்டேன்."

எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் துண்டை மறுபடி நாலாக மடித்துப் புத்தகத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

அதன் பிறகுதான் முழுச் செய்தியையும் படித்தேன். போட்ட பிறகு படிப்பது எங்கள் தொழிலில் நடப்பதுதான். படிக்கப் படிக்க ஆள் வேறு மாதிரி தெரிந்தார். 2001 வரை இந்தப் புகார்கள் பெரும்பாலும் அந்தந்த ஆயரின் மேசை இழுப்பறையிலேயே கிடந்தன. புகார் வந்தால் குருவை ஒரு பங்குக் கோவிலிலிருந்து இன்னொரு பங்குக் கோவிலுக்கு மாற்றுவார்கள், கோப்பு தூங்கும். அந்த ஆண்டு அப்போதைய போப் இரண்டாம் ஜான் பால், சிறுவர் மீதான இத்தகைய புகார்களை எல்லாம் ராட்சிங்கர் தலைமையில் இருந்த விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் என்ற வத்திக்கான் துறைக்கு அனுப்பியே தீர வேண்டும் என்று சட்டம் போட்டார். 2010-க்குள் வந்து சேர்ந்தவை சுமார் 3,000, ஐம்பது ஆண்டு அழுக்கு. வெள்ளிக்கிழமைகளில் உட்கார்ந்து அவற்றைப் படிப்பதை 'நமது வெள்ளிக்கிழமைத் தவம்' என்பாராம் ராட்சிங்கர். நாம் வெள்ளிக்கிழமை கறியை விடுவதோடு சரி.

ரோமுக்குப் புகார் போவது மதுரைக்குப் புதிதல்ல. 1606-ல் இங்கே வந்து காவியும் பூணூலும் தரித்த தத்துவ போதகர் ராபர்ட் தெ நொபிலி மீது அவருடைய இயேசு சபைக்காரரே எழுதிப் போட்டார். இரு தரப்பையும் படித்து ரோம் தீர்ப்புச் சொல்ல 1623 ஆயிற்று. மெத்தனம்தான், ஆனால் படித்தார்கள். நான் அரை மணி நேரத்தில் தீர்ப்பு எழுதினேன்.

2005 புனித வெள்ளி. ரோமில் கொலோசியம் அருகே நடக்கும் சிலுவைப்பாதைக்கான சிந்தனைகளை எழுதியவர் ராட்சிங்கர். திருச்சபையில் எவ்வளவு அழுக்கு, அதுவும் முழுவதும் ஆண்டவருக்கே சொந்தமாக இருக்க வேண்டிய குருக்களிடையே, என்று எழுதினார். எந்த ஸ்தலத்தில் என்று நினைக்கிறீர்கள்? ஒன்பதாம் ஸ்தலம். அப்போது அவர் போப்பும் இல்லை. மறைக்க நினைக்கிறவன் உலகமே பார்க்கும் இரவில் அந்த வரியை எழுதுவானா?

போப்பாகி ஓராண்டு கழிந்த கையோடு, லீஜியனரீஸ் என்ற குருக்கள் சபையை நிறுவியவரும் இதே புகாருக்கு ஆளானவருமான மெக்சிகோக்காரர் மார்சியல் மசியேலின் பொதுப்பணியை நிறுத்தினார். ரோமில் அவருக்கு இருந்த செல்வாக்கு கொஞ்சநஞ்சமல்ல. முந்தைய போப்பே அவரைப் பாராட்டியவர். குருத்துவத்தையே பறித்திருக்க வேண்டும் என்பவர்களோடு எனக்கும் உடன்பாடுதான். ஆனால் அதற்கு முன் பல பத்தாண்டுகளாக அவரைத் தொட்டவரே கிடையாது. 2008-ல் வாஷிங்டனில் பாதிக்கப்பட்டவர்களை நேரில் சந்தித்தார். 2011, 2012 என்ற இரண்டே ஆண்டுகளில் 384 பேரைக் குருத்துவத்திலிருந்து நீக்கினார். என் மூன்று பத்தி வருவதற்கு ஐந்தாறு நாள் முன்புதான் அயர்லாந்துக் கத்தோலிக்கருக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். குற்றம் செய்த குருக்கள் கடவுளுக்கு மட்டுமல்ல, நீதிமன்றத்துக்கும் பதில் சொல்ல வேண்டும் என்று அதில் இருக்கிறது. அந்தச் செய்தியும் என் மேசைக்கு வந்தது. நான்கு வரி போட்டேன், அதில் இந்த வரி இல்லை.

இனி அவருக்கு எதிரான பக்கம். 1980-ல் அவர் மியூனிக் பேராயர். எசன் மறைமாவட்டத்தில் புகாருக்கு ஆளான ஒரு குரு மனநலச் சிகிச்சை என்று மியூனிக்குக்கு வந்தார், வந்த சூட்டிலேயே பங்குப் பணியும் கொடுத்தார்கள். 1986-ல், ராட்சிங்கர் ரோமுக்குப் போய் நான்கு ஆண்டுகள் கழித்து, அதே குரு வேறு சிறுவர்கள் விஷயத்தில் தண்டிக்கப்பட்டார். 2022 ஜனவரியில் வந்த வழக்கறிஞர் அறிக்கை, நான்கு வழக்குகளில் ராட்சிங்கர் செய்தது தவறு என்றது. அந்த 1980 கூட்டத்தில் நான் இல்லை என்று முதலில் எழுதிக் கொடுத்தார். இருந்தார் என்று குறிப்பேடு காட்டியதும் திருத்தினார். அவர் தரப்புப் பதிலைத் தொகுத்ததில் நேர்ந்த பிழை என்றார்கள். பிழை திருத்தியே பிழைத்தவன் நான். அந்தச் சாக்கு எவ்வளவு மலிவானது என்று எனக்குத் தெரியும். அடுத்த மாதம், 94 வயதில், மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினார். மில்வாக்கி விஷயத்திலும் அந்தக் குருவின் கடைசி இரண்டு ஆண்டுகளில் ரோம் காட்டிய தயக்கத்துக்கு என்னிடம் சமாதானம் இல்லை. தவறினார் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். காப்பாற்றினார் என்பது வேறு சொல்.

இதைப் படித்துவிட்டு நம் கத்தோலிக்க வாட்ஸ்ஆப் குழுக்கள் துள்ள வேண்டாம். 'ஊடகச் சதி' என்று காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக எனக்கு அனுப்புகிறீர்கள். சதி செய்ய எங்களுக்கு நேரம் ஏது? என் தலைப்பைத் தீர்மானித்தது பத்தியின் அகலம். 1974-ல் மில்வாக்கியில் அந்தப் பள்ளியின் பழைய மாணவர்கள், வாய்விட்டுச் சொல்ல முடியாதவர்கள், 'தேடப்படுபவர்' என்று அந்தக் குருவின் படத்தை அச்சடித்துப் பேராலய வாசலில் நின்று ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார்கள். பூசை முடிந்து இறங்கி வந்தவர்கள் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அவர்கள் சொன்னதை உலகம் கேட்க 2010-ல் ஒரு பத்திரிகை வர வேண்டியிருந்தது. அந்தப் பத்திரிகையைத் திட்டிப் பெனடிக்டுக்கு வக்காலத்து வாங்காதீர்கள், அவரே வாங்கவில்லை. அதே ஆண்டு மே மாதம் போர்ச்சுகலுக்குப் போகும் விமானத்தில் நிருபர்களிடம் அவர் சொன்னது, திருச்சபைக்குப் பெரிய துன்பம் வெளியே உள்ள பகைவர்களால் வருவதல்ல, உள்ளே இருக்கும் பாவத்தால் வருவது என்பதுதான். உங்கள் பங்கில் ஒரு குழந்தை வந்து சொன்னால் 2012 போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டியது உங்கள் கடமை. ஆயரிடம் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

உபதேசியார் அடுத்த ஆண்டு மழைக்காலத்தில் இறந்துபோனார். அவர் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவே இல்லை. பெட்டிக்குள் அவர் கையில் அந்த ஜெபப் புத்தகத்தை வைத்தார்கள். துண்டு உள்ளே இருந்ததா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நண்பரே, உங்கள் பதிவை நீக்கச் சொல்லவில்லை. மியூனிக்கைப் பற்றி இன்னும் இரண்டு வரி கூடுதலாகவே எழுதுங்கள். 'காப்பாற்றிய' என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள். உங்களுக்கு இட நெருக்கடியும் இல்லை, பத்தரை மணிப் பதிப்பும் இல்லை.